விளக்கு எரியாத டயர்

காற்று குறைந்தால் காரே சொல்லிவிடும் என்ற தைரியத்தில் ஹோசூர் ரோட்டில் ஏறுகிறது பெங்களூர். சொல்லும்தான். எப்போது சொல்லும் என்பதுதான் கேள்வி.

ஓடும் காரின் டயர் வெடிப்பது கடவுள் செயலா? மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்படித்தான் வாதாடியது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த ஒரு காரின் பின்சக்கர டயர் வெடித்தது. கார் பள்ளத்தில் உருண்டது. சக ஊழியர் ஓட்டிய அந்தக் காரில் பயணம் செய்த ஒருவர் உயிரிழந்தார். குடும்பத்துக்குச் சுமார் 1.25 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2016-ல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. டயர் வெடித்ததற்கு யார் என்ன செய்ய முடியும், அதெல்லாம் தெய்வச் செயல் என்பது கம்பெனியின் கட்சி.

2023 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அதிவேகம், காற்று குறைவாக இருப்பது, அதிகமாக இருப்பது, பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. புறப்படும் முன் டயரின் நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஓட்டுகிறவரின் அல்லது உரிமையாளரின் வேலை. அதைச் செய்யாமல் விட்டது மனித அலட்சியம், இயற்கைச் சீற்றம் அல்ல என்றது தீர்ப்பு. டயர் வெடித்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்பது இதன் சாரம்.

பெங்களூரில் கார் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: நம்ம வண்டியில் டி.பி.எம்.எஸ். இருக்கிறதே! டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணித்து, குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு போட்டுக் காட்டும் ஏற்பாடு. ஒரு காலத்தில் விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார்களின் சமாச்சாரம் (1986-ல் போர்ஷே 959 காரில் வந்தது). இன்று நடுத்தரக் குடும்பங்கள் தவணையில் வாங்கும் கார்களில்கூட வந்துவிட்டது. விளம்பரத்தில் சன்ரூஃபுக்கு அடுத்த வரியில் இருக்கும். காற்று பார்க்கும் தொல்லை ஒழிந்தது என்று வாங்குகிறவர்கள் நினைத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

அந்த விளக்கின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். டயரைக் குறுக்கே வெட்டியது போல ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. வடிவமைத்தவர் எந்த நாட்டுக்காரரோ, நம் ஊர்க் கண்ணுக்கு அது அச்சு அசல் வடகலை நாமம். அந்த விளக்கு எரிந்தால் காற்று குறைவு. சரி. எரியவில்லை என்றால் காற்று சரியாக இருக்கிறது என்று அர்த்தமா? இங்கேதான் நமக்கு நாமே நாமம் போட்டுக்கொள்கிறோம்.

விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, கார் கம்பெனி பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் எரிய வேண்டும். ஐரோப்பிய விதி 20 சதவீதம் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 25-க்கு அருகில் இறங்கும் வரை அமெரிக்கக் கணக்கில் எல்லாம் நலம். 27 பி.எஸ்.ஐ.யில் ஓடும் டயரைப் பற்றி இரண்டு விதிகளும் வாயைத் திறக்காது. நல்ல டயரேகூட மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவு காற்றைத் தானாக இழக்கும். ரப்பர் நமக்குத்தான் கெட்டி, காற்று மூலக்கூறுகளுக்கு அது சல்லடை. ஆக, கடைசியாகக் காற்று பிடித்த நாளிலிருந்து ஆறேழு மாதம் டயர் இளைத்துக்கொண்டே வந்தாலும் டாஷ்போர்டு அமைதியாக இருக்க வாய்ப்புண்டு. சட்டம் கேட்பது அபாய எச்சரிக்கையை. கார்க்காரர் அதைத் தினசரி ஆரோக்கியச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார். ஜுரம் 103 டிகிரி ஆனால் மட்டும் மணியடிக்கும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, மணியடிக்கவில்லை, உடம்பு நன்றாக இருக்கிறது என்பது மாதிரி.

இந்த விதி பிறந்த கதையே ஒரு துயரக் கதை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. முக்கியமாக ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டியில் இருந்தவை. வேகமாகப் போகும்போது டயரின் மேல்பட்டை உரிந்து வந்து வண்டி குப்புற விழுந்தது. அமெரிக்க அரசின் கணக்கில் 271 சாவுகள். டயர் தயாரிப்பில் கோளாறு என்றது கார் கம்பெனி. வண்டியின் வடிவமைப்பில் கோளாறு என்றது டயர் கம்பெனி. இந்தச் சண்டைக்கு நடுவே ஒரு சின்ன எண்ணும் அடிபட்டது. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26 பி.எஸ்.ஐ.; டயர் கம்பெனி சொன்னது 30. குறைந்த அளவிலிருந்து கிளம்பும் டயர், கவனிக்காமல் விட்டால் சீக்கிரமே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெயிலும் பாரமும் வேகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த வருட நவம்பரிலேயே புதிய சட்டம் வந்தது. டயர் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி எல்லாப் புதிய கார்களிலும் வேண்டும் என்றது. அமலாக்க விதியில் ஒரு சலுகையும் நுழைந்தது: ஏதாவது ஒரு டயரில் குறைவதைக் கண்டுபிடித்தால் போதும் என்று. நான்கு டயரிலும் ஒரே சமயத்தில் குறைந்தால்? நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2003-ல் அமெரிக்க நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. 2005-ல் புது விதி எழுதி, 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய இலகு ரக வாகனங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல்.

கருவியால் பயனில்லை என்று சொல்வதற்கில்லை. அதற்கு முன் 2001-ல் எடுத்த கணக்கெடுப்பில், அமெரிக்கக் கார்களில் 27 சதவீதம் ஏதாவது ஒரு டயரிலாவது 8 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் காற்று குறைந்து ஓடிக்கொண்டிருந்தன. கருவி வந்த பிறகு 2012-ல் வெளியான அரசு ஆய்வு, 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த டயரோடு ஓடும் வாய்ப்பு ஏறக்குறைய 56 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது. பெரிய சாதனைதான். ஆனால் கருவி உள்ள கார்களிலும் மீதிப் பங்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அதே எண்ணில்தான் அடங்கியிருக்கிறது.

பெங்களூரின் பிரச்சினைக்கு வருவோம். இந்த ஊரில் டயருக்கு இரட்டை வாழ்க்கை. வாரத்தில் ஐந்து நாள் சில்க் போர்டிலும் மாரத்தஹள்ளியிலும் ஊர்கிறது. 2022-ல் டாம்டாம் நிறுவனம் உலக நகரங்களின் போக்குவரத்தை அளந்தபோது, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க சராசரியாக 29 நிமிடம் ஆனது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், சைக்கிளுக்குப் போட்டி. இந்த வேகத்தில் 26 பி.எஸ்.ஐ. டயர் எந்தப் புகாரும் செய்யாது. ஸ்டியரிங் லேசாகக் கனக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரவு கதை மாறுகிறது. சேலம், கோவை, மதுரை, நெல்லை என்று சொந்த ஊர் போகிற தமிழர்களின் கார்கள் ஹோசூர் ரோட்டில் வரிசை கட்டுகின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும். காரில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், மேலே பாட்டிக்கு வாங்கிய மிக்ஸி. கிருஷ்ணகிரி தாண்டியதும் முள் 100-ஐத் தொடுகிறது. பிறகு தொப்பூர் கணவாய். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே, விபத்துக்குப் பேர்போன இறக்கம். மறுபக்கம் மைசூர் போகிறவர்களுக்கு 2023 மார்ச்சில் திறந்த 119 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ் வே. அங்கே நடந்த விபத்துகளால் அந்த ஆகஸ்டு முதல் இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றையும் பிரதான சாலையிலிருந்து விலக்கினார்கள்; கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேக வரம்பு; கண்காணிக்கக் கேமராக்கள். டயரை எந்தக் கேமரா பார்க்கும்?

காற்று குறைந்த டயர் எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெடிப்பு என்றதும் பலூன் உடைவது மாதிரி, அதாவது காற்று அதிகமாகி வெடிப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். அதனால் நெடுந்தூரம் போகும்போது இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்தே வைக்கச் சொல்கிற அனுபவசாலிகள் ஊருக்கு ஊர் உண்டு. இது தலைகீழ் யோசனை. காரின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. அது குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் சக்கரம் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு கம்பியை இங்கும் அங்கும் வளைத்துக்கொண்டே இருந்தால் சுடுகிறதே, அதே கதை. சூடு ஏற ஏற ரப்பரும் உள்ளே இருக்கும் நூல், எஃகுக் கம்பி அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிறகு ஒரு நொடியில் கிழிகிறது. காற்று குறைத்து வைத்தால் சூடு தணியும் என்பவர்கள், சூட்டுக்குக் காரணமே அந்தக் குறைவுதான் என்பதை விட்டுவிடுகிறார்கள். சூடாகி உள் அழுத்தம் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறுவதை டயரை வடிவமைத்தவர் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அளவு சொல்கிறார்.

இந்தச் சூடு இன்னொரு விளையாட்டையும் ஆடுகிறது. பரிந்துரை அளவெல்லாம் ஆறிய டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற கார் என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் டீசல் போடும்போது பார்த்தால் குறைந்த டயரும் 31, 32 காட்டி நல்ல பிள்ளை போல நிற்கும். டாஷ்போர்டு எண்ணும் அப்படியே ஏமாறும். காலையில் 27 இருந்தது, தர்மபுரியில் 31 ஆகிவிட்டது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ஏறியது காற்று அல்ல, ஜுரம்.

பெங்களூர் கார்க்காரர்களுக்கு மட்டுமே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. பங்கில் 33 வைத்துவிட்டு வந்தால் டாஷ்போர்டு 31 அல்லது 32 என்கிறது. பங்க் பையன் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு கட்சி. சென்சார் கெட்டுவிட்டது என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் குற்றவாளி அல்ல என்றும் இருக்கலாம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையில் 14.7 பி.எஸ்.ஐ. என்றால் இங்கே 13.2 அளவுதான். பெட்ரோல் பங்க் மீட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கிறது. டயருக்குள் இருக்கும் பல சென்சார்களோ மொத்த அழுத்தத்தை அளந்து அனுப்புகின்றன. அதிலிருந்து வெளிக்காற்றின் பங்கைக் காரின் கம்ப்யூட்டர் கழித்துக் காட்டுகிறது. ஊருக்கு ஏற்பக் கழிக்கிற கார்கள் உண்டு. எல்லா ஊரும் கடற்கரை ஓரம் என்று நினைத்துக் கழிக்கிற கார்களும் உண்டு. இரண்டாவது வகைக் கார் பெங்களூரில் எப்போதும் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைத்தே காட்டும். ஊட்டிக்குப் போனால் மூன்றரை. உங்கள் கார் எந்த வகை என்று அறிய, கையளவு கேஜ் ஒன்றை வைத்து ஒரே ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு சுலப வழி இல்லை.

இதிலேயே இன்னொரு கணக்கு. விடிகாலை 20 டிகிரியில் பெங்களூரில் 33 வைத்த டயரை நண்பகல் 38 டிகிரிச் சென்னையில் அளந்தால்? சமவெளிக்கு இறங்கியதில் ஒன்றரை குறையும். வெயிலில் மூன்று அளவு கூடும். ஓடிய சூடு ஆறிய பிறகும் 34-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. எதிர்த்திசைதான் தொல்லை. ஏப்ரல் மதியம் 35 டிகிரியில் 33 வைத்துக்கொண்ட கார், ஒரு துளி காற்றும் கசியாவிட்டாலும், ஜனவரி விடியலில் 15 டிகிரியில் 30-தான் காட்டும். அதோடு ஒன்பது மாதக் கசிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் காலை விளக்கு எரிந்து, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அணைந்துபோகிற மர்மத்துக்கு இதுதான் விடை. அணைந்துவிட்டதே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கருவியிலும் இரண்டு ஜாதி. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் வைத்து நான்கு எண்களைத் தனித்தனியாகக் காட்டுவது ஒன்று. இது ரேடியோ அலையில் பேசும். உள்ளே பொத்தான் பாட்டரி. ஐந்து முதல் பத்து வருடத்தில் அது தீரும். பெரும்பாலும் பாட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். அப்போது விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரியும். காற்று குறைந்தால் மினுக்காமல் எரியும். இந்த வித்தியாசம் காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது; புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டாஷ்போர்டு அறையில் இருக்கிறது.

இரண்டாவது ஜாதியில் சென்சாரே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கரங்களின் சுழற்சியை அளக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. காற்று குறைந்த டயர் ஒரு நூல் சிறுத்துவிடும். மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதைக் கண்டுபிடித்து விளக்கு போடுவதுதான் வேலை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமான பிறகு, கூடுதல் செலவில்லாமல் இந்த வசதியைச் சேர்ப்பது கம்பெனிகளுக்குச் சுலபமாகிவிட்டது. புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் இது எண் காட்டாது. நான்கும் ஒரே சீராக இளைத்தால் சாதாரண வகைகளுக்குப் புரிவது கடினம். அமெரிக்காவில் வழக்குக்குக் காரணமான அதே ஓட்டை. முக்கியமாக, காற்று பிடித்த பிறகு பட்டனை அழுத்தி இதுதான் சரியான அளவு என்று காருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விளக்கு எரிகிறதே என்று எரிச்சல்பட்டு, காற்று பிடிக்காமலேயே அந்தப் பட்டனை அழுத்துகிறவர் என்ன செய்கிறார்? 26-தான் சரி என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறார். கார் நல்ல மாணவன். மனப்பாடம் செய்துகொள்கிறது.

எந்த ஜாதியானாலும் ஒரு குணம் பொது. சக்கரம் ஓடினால்தான் கருவி முழுதாக விழிக்கும். நிற்கும் காரில் பல சென்சார்கள் தூங்கும். சாவி போட்டதும் தெரிவது சில கார்களில் முந்தைய பயணத்தின் எண்ணாக இருக்கும், சிலவற்றில் வெறும் கோடு. வீட்டு வாசலில் தெரிய வேண்டிய விஷயம் நெடுஞ்சாலையில் தெரிகிறது. அதற்குள் குழந்தைகள் பின் சீட்டில் தூங்கியிருப்பார்கள். அடுத்த ஊர் வரட்டும், பார்க்கலாம் என்று தோன்றும்.

ஆணி விஷயத்தைச் சொல்லாமல் பெங்களூர் டயரைப் பற்றி எழுத முடியாது. அவுட்டர் ரிங் ரோட்டில் அடிக்கடி பங்க்சர் ஆகி நொந்துபோன ஓர் இன்ஜினியர், வேலைக்குப் போகும் வழியில் காந்தத்தால் ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். 2015-ல் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோது சேர்ந்திருந்த ஆணிகள் 37 கிலோ. சாலையில் இவ்வளவு ஆணி தானாக முளைக்காது என்று ஊரே பங்க்சர் கடைகளைச் சந்தேகப்பட்டது. உண்மை எப்படி இருந்தாலும், இரண்டு சக்கர வாகனக்காரருக்கு ஆணி ஏறினால் உடனே தெரிந்துவிடும். ட்யூப்லெஸ் டயர் போட்ட காருக்குத் தெரியாது. பழைய ட்யூப் டயரில் ஆணி ஏறினால் பத்து நிமிடத்தில் வண்டி உட்கார்ந்துவிடும். திட்டிக்கொண்டே இறங்கி மாற்றுவோம். ட்யூப்லெஸ்ஸில் ஆணியே அடைப்பானாக நின்று, நாளுக்குக் கால், அரை பி.எஸ்.ஐ. என்று கசியவிடும். வாரக்கணக்கில் அதோடு ஓடலாம். முன்னேற்றம்தான். ஆனால் பங்க்சருக்கு இருந்த ஒரு நல்ல குணம், அதன் சத்தம், போய்விட்டது.

பெங்களூர்க் குழிகளின் வேலை வேறு. குழியின் விளிம்பில் மோதி உள்ளே நூல் அறுந்தால் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு புடைப்பு வரும். காற்று 33 அப்படியே இருக்கும். சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. டயரின் வயதும் தெரியாது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் பிறந்த டயர். குனிந்து பார்த்தால் மட்டும் படிக்க முடிகிற ஜாதகம். மகாராஷ்டிரத்தில் நாகபுரி-மும்பை சம்ருத்தி நெடுஞ்சாலையில் விபத்துகள் பெருகியபோது, போக்குவரத்துத் துறை 2023-ல் நுழைவு வாயில்களிலேயே டயர்களைச் சோதித்து, வழுக்கையானவற்றைத் திருப்பி அனுப்பியது. கேஜும் கண்ணும்தான் கருவி. அதே சாலையில் அந்த ஜூலை முதல் தேதி பஸ் எரிந்து 25 பேர் இறந்தபோது, டயர் வெடித்ததால்தான் என்றார் டிரைவர். டயர் வெடித்ததற்கான அடையாளமே இல்லை என்றது போக்குவரத்து அதிகாரிகளின் அறிக்கை. டயர் மேல் பழி போடுவதும் சுலபம். அதற்கு வாய் இல்லை.

நாமக்கல் லாரி டிரைவர்கள் நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவதைப் பார்த்திருக்கலாம். சத்தத்தில் காற்று தெரியும் அவர்களுக்கு. ஜோடிச் சக்கரத்தில் உள்டயர் இளைத்தது வெளியிலிருந்து தெரியாது, தட்டினால்தான் தெரியும். தட்டுகிற சாக்கில் கண்ணும் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது. கார்க்காரர்கள் டயருக்கு அருகில் உட்காருவது ஆயுத பூஜையன்று பொட்டு வைக்க மட்டும்தான்.

ஜே.சி. ரோடு கடைகளில் கேட்டால், நைட்ரஜன் நிரப்பிக்கொள்ளுங்கள், மறந்துவிடலாம் என்பார்கள். விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அது தேவை. நம் காருக்கு? நாம் பிடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இரண்டு விதமாகவும் நிரப்பிய டயர்களை 30 பி.எஸ்.ஐ.யில் ஒரு வருடம் வைத்துப் பார்த்தது. காற்று 3.5 குறைந்தது, நைட்ரஜன் 2.2. ஒரு வருடத்துக்கு 1.3 பி.எஸ்.ஐ. லாபம். காசு கொடுத்து மறதியை வாங்குவதுதான் இதில் நடக்கிறது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். அது பங்க்காரர் தயவு அல்ல, ஆயில் கம்பெனி விதி. பையனுக்குப் பத்து ரூபாய் தருவது உங்கள் இஷ்டம்.

வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள பங்கில், காலையில், டயர் சுடும் முன் பிடித்துக்கொள்வது உத்தமம். எத்தனை வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். குடும்பத்தோடும் மூட்டையோடும் போகும்போதைய அளவு தனியாக இருக்கும், பின் டயர்களுக்கு அது அதிகம். டயரின் மேலேயே எழுதியிருக்கும் பெரிய எண் அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சில நூறு ரூபாயில் கேஜ் கிடைக்கிறது. மாதம் ஒரு முறை, ஊருக்குப் புறப்படும் முன் ஒரு முறை, நான்கு டயருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்.

ஐந்தாவது டயர் ஒன்று இருக்கிறது. லண்டனில் ஒரு பேட்டைக்குப் பெயர் ஸ்டெப்னி. ஆனால் நம் ஸ்டெப்னி அங்கிருந்து வரவில்லை. வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர் அது. இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை மறந்து நூறு வருடம் ஆகப்போகிறது, நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். 2020-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும் டி.பி.எம்.எஸ்.ஸும் பங்க்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால், மூன்றரை டன் வரையுள்ள கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்றது. அந்தக் கார்களில் விளக்குதான் ஸ்டெப்னி. பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டும் சாதனம் உதவாது என்பதைத் தொப்பூர் இறக்கத்தில் நின்று யோசிக்க வேண்டியதுதான்.

ஸ்டெப்னி உள்ள கார்களிலும் அதற்குப் பெரும்பாலும் சென்சார் கிடையாது. கார் வாங்கிய அன்று பிடித்த காற்று மாதம் ஒன்றாக இறங்கி, ஒல்லி ஸ்டெப்னி என்றால் 60 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டியது, டிக்கியின் அடியில் யாரும் பார்க்காமல் கிடக்கிறது. பங்க் பையன் நான்கு டயரையும் முடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டும் முன் கேட்கிறான்: ஸ்டெப்னி, சார்? டிக்கியில் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பரவாயில்லப்பா, அடுத்த தடவை.